உருளையார் ஊருக்குப் போனார்

அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் ஓர் உருளைக்கிழங்குக்கு இருந்த மரியாதை, முதல் மாடி வக்கீலுக்குக்கூடக் கிடையாது. படிக்கட்டில் வக்கீல் வந்தால் பிள்ளைகள் ஒதுங்கி வழிவிடுவார்கள், அவ்வளவுதான். ‘துப்பறியும் உருளையார்’ படம் என்றால் போட்டது போட்டபடி ஓடி வருவார்கள்.

உருளையார் நிஜமான உருளைக்கிழங்குதான். பேனாவால் வரைந்த தடித்த புருவம், தலையில் பாட்டில் மூடித் தொப்பி. அவரை இம்மியளவு நகர்த்தி ஒரு போட்டோ எடுக்க வேண்டும். இன்னும் இம்மியளவு நகர்த்தி இன்னொன்று. எல்லாவற்றையும் சேர்த்து செல்போனில் வேகமாக ஓட்டினால் உருளையார் நடப்பார், ஓடுவார், திருடனைப் பிடிப்பார். கடைசியில், “உருண்டாலும் உண்மையை விடமாட்டேன்!” என்று கட்டைக் குரலில் முழங்குவார்.

அந்தக் குரல் டைரக்டருடையது. டைரக்டர் என்றதும் பெரிய ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். மூன்றாம் மாடியில் இருந்த பெண்தான். கதையும் அவளே, குரலும் அவளே, புருவம் வரைவதும் அவளே. நான்கு பாகம் முடிந்து ஐந்தாவது பாதியில் நின்றபோது, அவள் அப்பாவுக்கு வெளியூருக்கு மாற்றல் வந்துவிட்டது.

லாரியில் சாமான்கள் ஏறிக்கொண்டிருந்தன. டைரக்டர் தன் பழைய செல்போனையும் உருளையாரையும் கொண்டுவந்து தோழி குண்டூசியின் கையில் வைத்தாள்.

“படம் நிக்கக் கூடாதுடி. நீ எடு.”

“நானா? எனக்கு லைட் பிடிக்க மட்டும்தான் தெரியும்!”

“அது போதும்” என்றாள் டைரக்டர்.

ஆளும் ஒல்லி, குரலும் ஒல்லி என்பதால் லைட் பிடிக்கும் தோழிக்குக் குண்டூசி என்று பெயர். அந்தக் குடியிருப்புக்கு வந்த புதிதில் அவளோடு யாருமே பேசவில்லை. படிக்கட்டின் கடைசிப் படியில் தனியாக உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் டைரக்டர் தடதடவென்று இறங்கி வந்து, “ஏய், உனக்கு லைட் பிடிக்கத் தெரியுமா?” என்று கேட்டாள். குண்டூசிக்கு டார்ச்சை எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூடத் தெரியாது. ஆனாலும் தலையை ஆட்டினாள். அன்றிலிருந்து அவளுக்கும் ஒரு கூட்டம் கிடைத்தது. அந்த நன்றியை அவள் எப்படி மறப்பாள்? படம் நின்றால் கூட்டமும் கலைந்துவிடும் என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

மறுநாளே படப்பிடிப்பு தொடங்கியது, வம்பும் கூடவே தொடங்கியது.

மீசை என்ற பையன் அட்டையில் வீடு, மரம் எல்லாம் செய்பவன். பால் குடித்துவிட்டு வாயைத் துடைக்காமல் வருவதால் வந்த பெயர். எதற்கெடுத்தாலும் அவனுக்கு ஒரே பாட்டுத்தான்.

“அவ இருந்தா போனைக் கீழ வச்சு எடுத்திருப்பா.”

கீழே வைத்தார்கள்.

“அவ இருந்தா இவ்வளவு கீழ வச்சிருக்க மாட்டா.”

“அப்ப எங்கடா வைக்கிறது? உன் தலை மேலயா?” என்றாள் குண்டூசி.

குரல் கொடுத்தபோது இன்னும் மோசம். குண்டூசி தொண்டையை இறுக்கிக்கொண்டு, “உருண்டாலும் உண்மையை...” என்று ஆரம்பித்தாள். கட்டைக் குரல் எங்கே வந்தது? இருமல்தான் வந்தது. படம் பார்ப்பதே தன் வேலை என்று தினமும் வந்து உட்காரும் வாண்டு கவலையோடு கேட்டான்.

“அக்கா, உருளையாருக்குச் சளி பிடிச்சிருக்கா?”

எப்படியோ பாதிப் படத்தைத் தாண்டிவிட்டார்கள். உருளையாரைச் சமையலறை அலமாரியில் பத்திரமாக வைத்துவிட்டு குண்டூசி பள்ளிக்கூடம் போனாள். சமையலறையிலா என்று உங்களுக்கு ‘பக்’ என்கிறதா? அவளுக்கு அப்போது அது தோன்றவில்லை, பாவம்.

மாலையில் வீடு திரும்பினால், குப்பைக்கூடையில் ஒரு தோல் கிடந்தது. அதில் ஒரு புருவம் இருந்தது.

“அம்மா! என் ஹீரோ எங்கம்மா?”

“எந்த ஹீரோ?” அம்மா அடுப்பைப் பார்த்தாள், தோலைப் பார்த்தாள், வாயைப் பொத்திக்கொண்டாள். “ஐயையோ! அவசரத்துல பார்க்கலையேடி செல்லம். மூடியைக் கழட்டி அந்தப் பக்கம் வச்சேன். அழுக்குன்னு நினைச்சு...”

விஷயம் தெரிந்ததும் மீசை தலையில் கை வைத்து உட்கார்ந்தான். ஒருமுறை உருளையாரை எலி கடித்தபோது டைரக்டர் புது உருளையாரை வைத்துப் படம் முழுவதையும் முதலிலிருந்து எடுத்தாள். ஒவ்வொரு கிழங்குக்கும் ஒவ்வொரு மூஞ்சி. ஆள் மாறினால் அவள் ஒத்துக்கொள்ளவே மாட்டாள்.

“திரும்ப முதல்லேர்ந்தா? என்னால முடியாதுப்பா” என்றான் மீசை. “அவ இல்லாம இதெல்லாம் சரிப்பட்டு வராது. நான் பந்து விளையாடப் போறேன்.”

வாண்டு மட்டும் வாசலிலேயே நின்றான். “படம் வராதாக்கா?”

குண்டூசி சமையலறைக்குள் போனாள். அங்கே அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது.

“நீ ஏம்மா அழற?”

“உன் ஹீரோவைக் கொன்னுட்டேனே, அதான்” என்று அம்மா சிரித்தாள். “வெங்காயம்டி! இது முன்னாடி நின்னா யாரா இருந்தாலும் அழுதுதான் ஆகணும்.”

குண்டூசி கூடையில் இருந்த வெங்காயத்தைப் பார்த்தாள். அந்தப் பக்கம் கிடந்த பாட்டில் மூடியைப் பார்த்தாள். மூடியை எடுத்து வெங்காயத்தின் மேல் வைத்தாள். குடுமி இடித்தது. தொப்பி சரிந்து விழுந்தது.

“டேய் மீசை!” என்று அவள் போட்ட கூச்சலில் மீசை பந்தோடு ஓடி வந்தான்.

“உருளையாருக்கு வெளியூருக்கு மாற்றல் வந்துடுச்சு. தீப்பெட்டி ரயில்ல ஏறிப் போறார், உள்ள இருக்கிறதால மூஞ்சி தெரியாது. தொப்பியை வெங்காயத்துகிட்ட கொடுத்துட்டுப் போறார். மீதிக் கேஸை வெங்காயம் கண்டுபிடிக்குது!”

“அவ இருந்தா...” என்று ஆரம்பித்த மீசை பாதியில் நிறுத்தினான். “தொப்பி நிக்கலையே?”

“நிக்க வேணாம். விழ விழ எடுத்து மாட்டிக்கட்டும்.”

மீசை பந்தைக் கீழே போட்டான். “ரயிலுக்கு நாலு தீப்பெட்டி வேணும்” என்று சொல்லிவிட்டு ஓடினான்.

ஞாயிற்றுக்கிழமை படிக்கட்டு நிரம்பி வழிந்தது. முதலில் எழுத்து வந்தது: ‘உருளையாரைப் படைத்தவள் எங்கள் டைரக்டர். எங்களை ஒன்று சேர்த்தவளும் அவளே. நன்றி.’ பிறகு கதை. காணாமல் போன கரண்டியை எடுத்தது தீக்குச்சியா, கேரட்டா, ரப்பரா? வெங்காயம் விசாரிக்க வந்ததும் தீக்குச்சி அழுதது, கேரட்டும் அழுதது. ரப்பர் மட்டும் அழவில்லை. மூக்கில் பஞ்சு அடைத்திருந்தது.

“நான் வருவேன்னு தெரிஞ்சு முன்னாடியே பஞ்சோட வந்தியா? நீதான் திருடன்! உரிச்சாலும் உண்மையை விடமாட்டேன்!” என்றது வெங்காயம், குண்டூசியின் சொந்த ஒல்லிக் குரலில். தொப்பி விழுந்தது.

வாண்டு சிரித்த சிரிப்பில் ஒரு படி கீழே சறுக்கிவிட்டான். படியிறங்க வழியில்லாமல் நின்ற வக்கீலும் கடைசிவரை பார்த்துவிட்டுத்தான் போனார்.

படத்தை டைரக்டருக்கும் அனுப்பியிருந்தார்கள். சாயங்காலம் போன் அடித்தது.

“உருளையாரை அனுப்பிட்டியா?” என்றாள் டைரக்டர்.

“கோவமா? உன்னை மாதிரி பண்ணத்தான் பார்த்தேன். எனக்கு வரல.”

“எனக்கு வெங்காயம் தோணவே இல்லையேடி!” டைரக்டர் கலகலவென்று சிரித்தாள். பிறகு குரல் தணிந்தது. “உருளையார் இங்க பத்திரமா வந்து சேர்ந்துட்டார். எங்க வீட்டுச் சமையலறையிலதான் இருக்கார். ஆனா லைட் பிடிக்க ஆள் இல்ல. இங்க எனக்கு யாரையும் தெரியாது.”

குண்டூசி ஒரு கணம்கூட யோசிக்கவில்லை.

“படிக்கட்டுல யாராவது தனியா உட்கார்ந்திருக்காங்களான்னு பாரு. ‘லைட் பிடிக்கத் தெரியுமா?’ன்னு கேளு. தெரியாட்டியும் தலையை ஆட்டுவாங்க. நான் ஆட்டலையா?”

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

“ஏய், அழறியா?”

“சீ, நான் ஏன் அழறேன்?” என்றாள் டைரக்டர். “எல்லாம் உன் வெங்காயத்தால வந்ததுடி!”