திறந்து கிடந்த லீவர்

முந்நூற்று நாற்பது டாலர். ஓரின், வில்டாவுக்குத் தரவேண்டிய பாக்கி அவ்வளவுதான். அவள் அதைத் தன் சமையலறைக் காலண்டரில் பென்சிலால் எழுதி வைத்திருந்தாள். தவணை கொடுக்கும் நாள் நெருங்கிய ஒரு சாயங்காலம், மரமில்லிலிருந்து வந்து பூட்ஸைக்கூடக் கழற்றாமல் நின்றபோதுதான், கண்ணாடி அலமாரிக்குள் துப்பாக்கியில் தோட்டா ஏற்ற இழுக்கும் லீவர் கீழே இறங்கித் திறந்து கிடப்பதை ஓரின் பார்த்தான்.

அலமாரி பூட்டியிருந்தது. சாவி அவன் சட்டைப்பையில்.

அந்த மலைப்பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். துப்பாக்கி கை மாறும்போது லீவரை இறக்கி, உள்ளே தோட்டா இல்லை என்று காட்டித்தான் நீட்டவேண்டும். வாங்குகிறவர் பார்த்துவிட்டு மூடிக்கொள்வார். திறந்து கிடந்தால் யாரோ யாருக்கோ கொடுக்கிறார் என்று அர்த்தம்.

வீட்டில் அவன் ஒருத்தன்தான்.

ஐம்பத்திரண்டு வயதில் வந்த ஆசை அது. குடி கிடையாது, சீட்டு கிடையாது, பழைய துப்பாக்கி சேர்க்கலாம் என்று ஆரம்பித்தான். விலைப்புத்தகம் ஒன்று வாங்கி, விரல் வைத்து வரி வரியாகப் படித்தான். அலமாரியைத் தன் கையாலேயே அடித்தான். அதில் வைக்க முதல் துப்பாக்கிதான் அமையவில்லை. அந்த வசந்தத்தில் எல்வுட் நெஞ்சடைத்துச் செத்தான். மில்லில் இருபது வருஷம் ரம்பத்துக்கு அந்தப் பக்கம் அவனும் இந்தப் பக்கம் ஓரினுமாக நின்றவர்கள். எல்வுட்டின் தாத்தா காலத்துத் துப்பாக்கியை அவன் பெண்டாட்டி வில்டா மேசைமேல் கொண்டுவந்து வைத்தாள்.

"நீதான் புஸ்தகமெல்லாம் படிக்கிறியே ஓரின். என்ன பெறும்னு சொல்லு. நீ சொன்னா சரி."

புத்தகம் நாலாயிரம் என்றது.

"நானூறு தேறும்" என்றான் ஓரின். அறுபதை எண்ணி வைத்தான். மீதிக்குத் தவணை. அவள் ஆப்பிள் பை ஒன்றைத் துணியில் சுற்றிக் கொடுத்தாள். அதை அவன் தின்னவும் செய்தான்.

துப்பாக்கிக் கட்டையில் பதினோரு வெட்டுக்குறிகள் இருந்தன. எல்வுட் அடித்த ஒவ்வொரு கொம்பு மானுக்கும் ஒன்று. ஊரே அறிந்த குறிகள். துப்பாக்கிச் சந்தையில் விற்க மேசை போட்டு வைத்தால் எவனாவது அடையாளம் கண்டு விலை கேட்பான், பேச்சு வில்டா காதுக்குப் போகும். ஓரின் உப்புத்தாளை எடுத்து மூன்று நாள் தேய்த்தான். குறி போயிற்று. நூறு வருஷத்துக் கறுப்பும் போயிற்று. எண்ணெய் பூசியதும் புதுக் கதவு மாதிரி மின்னியது.

சந்தையில் மெர்ல் என்ற பழைய வியாபாரி அதைத் தூக்கிப் பார்த்தான்.

"அடப்பாவி, குளிப்பாட்டிக் கொண்டாந்திருக்கியேடா! அந்த அழுக்குக்குத்தான்டா காசு. எல்லாரும் வாங்கய்யா, புது மாப்பிள்ளையைப் பாருங்க!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"இப்ப என்ன பெறும்ணே?"

"நானூறு. அதுவும் உன் மூஞ்சியப் பார்த்துத் தர்றேன்."

ஓரின் சொன்ன பொய் நிஜமாகிவிட்டது. விற்காமல் எடுத்து வந்து பூட்டினான்.

அதற்கப்புறம்தான் லீவர் திறந்தது. முதல் நாள் மூடிவைத்தான். மறுநாளும் திறந்திருந்தது. அலமாரியைத் திறந்தால் உப்புத்தாள் தூசும் ஆளி எண்ணெயுமாக வரும் வாசனைக்கு அடியில், ஈரத்துணியில் பொதிந்து வைத்த மாதிரி, எல்வுட் குழாயில் அடைக்கும் செர்ரிப் புகையிலையின் இனிப்பு வாசனை வந்தது. கட்டையைத் தடவியபோது கட்டைவிரல் ஓரிடத்தில் இடறியது.

ஒரு குறி.

மறுநாள் இரண்டு. உப்புத்தாளைக் கையில் எடுத்தான், தேய்க்கத் தைரியம் வரவில்லை. நவம்பர் ஆனது, ஐந்து மணிக்கே இருட்டியது, மில்லிலிருந்து வந்ததும் அவன் முதலில் குறிகளைத்தான் எண்ணினான். ஏழு. எட்டு. மான் வேட்டை தொடங்குவதற்கு முந்தின நாள் பதினொன்று.

அன்றைக்கு முந்நூற்று நாற்பதையும் மொத்தமாக எடுத்துக்கொண்டு வில்டா வீட்டுக்குப் போனான். உண்மையைச் சொல்லிவிடுவது, நாலாயிரத்தையும் ஆயுசுக்கும் கட்டிவிடுவது என்று வண்டியில் சத்தமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டான். கதவைத் திறந்தவள் அவன் முகத்தைப் பார்த்து, "என்னப்பா, காய்ச்சலா? இளைச்சுப் போயிட்டியே!" என்றாள்.

"வில்டா, அந்தத் துப்பாக்கி..."

"காசை உள்ள வை" என்றாள். "விறகு வெட்டிப் போட்டே, கூரையில ஏறி ஒழுகலை அடைச்சே. உன்கிட்டப் போயா வாங்குவேன்?" காலண்டரைக் கழற்றி, முந்நூற்று நாற்பதின்மேல் பென்சிலால் ஒரே கோடாக இழுத்தாள். "காலைல கல்லறைக்குப் போயி அவர்கிட்டயும் சொல்லிட்டேன். பாக்கியை நான் விட்டுட்டேன், உங்களுக்கும் ஓரினுக்கும் நடுவுல எதாச்சும் இருந்தா நீங்களே பேசித் தீத்துக்குங்கன்னு." சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

இதுதான் நேரம். வாயைத் திறந்தான்.

"ரொம்ப நன்றி வில்டா" என்றது வாய்.

வீட்டுக்குள் விளக்குப் போடுமுன்பே செர்ரி வாசனை. இப்போது அடியில் இல்லை. வீடு முழுக்க. சூடாக. யாரோ இப்போதுதான் ஊதிய மாதிரி.

அலமாரி திறந்திருந்தது. காலி.

சாவி பையில்தான் இருந்தது.

சமையலறை. மேசைமேல் துப்பாக்கி. லீவர் திறந்து கிடந்தது. குழல், அவன் தினமும் சாப்பிட உட்காரும் நாற்காலியைப் பார்த்து. கால்கள் அவனைக் கேட்காமல் கிட்டே கொண்டுபோயின. வெட்டுக்குறிகள் பதினொன்று, ஒழுங்காக, வரிசையாக. அதற்குக் கீழே, அடுத்த குறி வரவேண்டிய இடத்தில், பென்சிலால் ஒரு கோடு. ஒரே கோடு.

திறந்திருந்த தோட்டா அறைக்குள் ஒரு தோட்டா மஞ்சளாக மின்னியது.

"எல்வுட்" என்றான். "நாலாயிரம். நாலாயிரம்யா. சொல்லிடறேன். இப்பவே போய்ச் சொல்லிடறேன்."

லீவர் மெதுவாக மேலே எழும்பியது. அவசரமே இல்லை. வாங்கிக்கொள்கிறவர் உள்ளே பார்த்துவிட்டு மூடுவது போல.

மூடிக்கொண்டது.