சாயங்காலம் ஏறும் முள்

அப்பாவின் பழைய காரில் எஞ்சினைப் பற்றித் தகவல் சொல்ல ஒரே ஒரு சிவப்பு விளக்குதான் இருந்தது. எண்ணெய் அழுத்தம் குறைந்தால் அது எரியும்.

"வீடு எரிஞ்சு முடிஞ்சப்புறம் மணி அடிக்கிற மாதிரிதான் அது" என்றார் சித்தப்பா. "ரெண்டு மீட்டர் மாட்டிடலாம் அண்ணே. ஒண்ணு எண்ணெய் அழுத்தம் காட்டும். இன்னொண்ணு எஞ்சின் எவ்வளவு சூடா இருக்குன்னு காட்டும்."

சித்தப்பாவுக்கு பஸ் பணிமனையில் வேலை. வீட்டு மாடி அறையில் தங்கியிருந்தார். அப்பா சம்மதித்தார். ஆனால் அப்பா எதையும் சும்மா நம்புகிறவர் அல்லர். பூட்டிய பூட்டை இழுத்துப் பார்ப்பார். தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்ப்பார்.

"புது ஓட்டை போடக் கூடாது. இப்பதான் பெயிண்ட் அடிச்சிருக்கேன், ஒரு இடத்துலயும் சுரண்டக் கூடாது" என்று கண்டிப்பாகச் சொன்னார்.

"சுரண்டினாத்தான் ஒயர் நல்லாப் பிடிக்கும்."

"வேற வழி பாரு."

சித்தப்பா வேலை செய்த நேரம் முழுக்க அப்பா டார்ச்சோடு பக்கத்திலேயே நின்றார்.

"அண்ணே, ஆபரேஷன் நடக்கிற இடத்துல சொந்தக்காரங்க நிக்கக் கூடாது."

"நீ பாட்டுக்கு எதையாவது உள்ளேயே மறந்து வெச்சுட்டா?"

இதையெல்லாம் கார் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள் பட்டாணி. ஐந்தாம் வகுப்புக்கு வந்த பிறகும் வீட்டில் அவளுக்கு அதுதான் பெயர்.

மறுநாள் காலையில் அம்மாவை மருந்துக்கடையில் வேலைக்கு விடப் போனார்கள். சூட்டைக் காட்டும் முள் நடுவில் சமர்த்தாக நின்றது. அப்பாவுக்குத் திருப்தி. ஆனால் இருட்டிய பிறகு அம்மாவை அழைத்துக்கொண்டு திரும்பியபோது அதே முள் மேலேறிச் சிவப்புக் கோட்டைத் தொட்டது. அப்பா காரை ஓரம் கட்டினார். எஞ்சின் ஆறட்டும் என்று மூவரும் கொசுக்கடியில் காத்திருந்தார்கள்.

அதற்கடுத்த நாளும் அப்படியேதான். காலையில் நடுவில், சாயங்காலம் சிவப்பில்.

"இத்தனை வருஷமா ஒழுங்கா ஓடின வண்டி" என்றார் அப்பா, வீட்டுக்குள் நுழைந்ததுமே. "டேய், இங்க வா. ரேடியேட்டரை மாத்திட்டியா?"

சித்தப்பா சாப்பிட உட்கார்ந்திருந்தார். "என்னண்ணே சொல்றீங்க?"

"நல்லதைக் கழட்டிக்கிட்டு ஓட்டையை வெச்சிருக்கியான்னு கேக்கறேன்."

"அந்த ரேடியேட்டரை நான் என்ன பண்றது? தலையணையா வெச்சுத் தூங்கவா?"

பட்டாணிக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் வேறு யாரும் சிரிக்கவில்லை. சித்தப்பா கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார்.

"நம்பிக்கை இல்லாத வீட்டுல நான் எதுக்கு? நாளைக்கே பணிமனைப் பக்கம் ஒரு ரூம் பாத்துக்கறேன்."

"ஏங்க, தம்பியைப் போய் இப்படியா பேசறது?" என்றார் அம்மா.

சித்தப்பா போய்விட்டால் பட்டாணியோடு யார் சதுரங்கம் ஆடுவார்கள்? கணக்கு வராதபோது யார் திட்டாமல் சொல்லித் தருவார்கள்? ஆனாலும் ஒரு ஓரத்தில் அவளுக்கும் சந்தேகம் முளைத்தது. காலையில் ஒழுங்காக இருக்கும் கார் சாயங்காலத்துக்குள் எப்படிக் கெடுகிறது? நடுவில் யாரோ கை வைக்கிறார்களோ?

மறுநாள் பள்ளி விடுமுறை. மதியம் முழுக்க அவள் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று காரைக் கவனித்தாள். மூன்று மணிவாக்கில் ஓர் உருவம் மெல்ல நடந்து வந்தது. அக்கம் பக்கம் பார்த்தது. பானெட்டைத் திறந்தது.

சித்தப்பா.

பட்டாணி ஓடிப்போய் அவருக்குப் பின்னால் நின்றாள். "என்ன பண்றீங்க?"

சித்தப்பா துள்ளிக் குதித்ததில் தலை பானெட்டில் இடித்தது. "ஒண்ணும் பண்ணல. உங்கப்பா என்ன பண்ணி வெச்சிருக்காருன்னு பாக்கறேன். நான் மாட்டினப்போ நல்லாத்தான் இருந்துச்சு. அவருதான் எதையாவது திருகியிருக்கணும்."

"அப்பா நீங்கன்னு சொல்றாரு. நீங்க அப்பான்னு சொல்றீங்க."

"நீ யாருன்னு சொல்றே?"

பட்டாணி அவர் கைகளை எட்டிப் பார்த்தாள். இரண்டிலும் எதுவும் இல்லை. மாடிப்படியடியில் அவருடைய இரும்புப் பெட்டி மட்டும் கட்டித் தயாராக இருந்தது.

இருட்டத் தொடங்கியது. அம்மாவை அழைத்து வரும் நேரம். பட்டாணி முன் இருக்கையில் ஏறிக்கொண்டாள். அப்பா சாவியைத் திருப்பினார். எஞ்சினைக் கிளப்பாமல் விளக்கு சுவிட்சை மட்டும் போட்டுவிட்டுக் கீழே இறங்கினார். இரண்டு விளக்கும் எரிகிறதா என்று தினமும் அவரே முன்னால் போய்ப் பார்ப்பார். அதிலும் அடுத்தவர் கண்ணை நம்ப மாட்டார்.

பட்டாணி முள்ளைப் பார்த்தாள். அது சட்டென்று எழுந்தது. நடுவைத் தாண்டியது.

அவள் இறங்கி ஓடிப்போய் பானெட்டில் கை வைத்தாள். சில்லென்று இருந்தது.

"அப்பா, வண்டி இன்னும் கிளம்பவே இல்லையே?"

"இல்லை. ஏன்?"

"அப்போ முள்ளு ஏன் ஏறியிருக்கு? கிளம்பாத வண்டி எப்படிக் கொதிக்கும்? அடுப்புல வெச்ச தண்ணி கூட மெதுவாத்தானே சூடாகும்? விளக்கை அணைச்சுட்டு மீட்டரைப் பாருங்க."

அப்பா அணைத்தார். முள் கீழே விழுந்தது. போட்டார். ஏறியது. அணைத்தார், போட்டார், அணைத்தார். எதிர்வீட்டுக்காரர் வாசலுக்கு வந்து, "என்ன சார், யாருக்கு சிக்னல் குடுக்கறீங்க?" என்று கேட்டார்.

"காலையில நாம விளக்குப் போடறதில்லை. அதான் ஒழுங்கா காட்டுது" என்றாள் பட்டாணி. "எஞ்சின் சூடாகலப்பா. முள்ளுதான் பொய் சொல்லுது."

அவள் மாடிக்கு ஓடினாள். "சித்தப்பா, ஆள் யாருன்னு கண்டுபிடிச்சுட்டேன். வந்து பாருங்க."

சித்தப்பா வந்தார். அப்பாவின் முகத்தைப் பார்க்காமல், டேஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்தார். பிறகு அவருடைய குரல் மட்டும் வெளியே வந்தது.

"விளக்கோட எர்த் ஒயரும் மீட்டரோட எர்த் ஒயரும் ஒரே துருப்பிடிச்ச திருகாணியில இருக்கு. கரண்டு திரும்பிப் போற வழி அது ஒண்ணுதான், விளக்கு எரிஞ்சா மீட்டருக்குக் குழப்பம். மீட்டருக்குத் தனியா ஒரு இடம் சுரண்டி மாட்டியிருக்கணும்."

"ஏன் மாட்டல?" என்று கேட்கப் போன அப்பா, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அப்பா வீட்டுக்குள் போனார். உப்புத்தாளோடு திரும்பி வந்தார்.

"எந்த இடம்டா?"

சித்தப்பா விரலால் காட்டினார். பளபளவென்றிருந்த புதுப் பெயிண்டை அப்பா தானே தேய்க்கத் தொடங்கினார். முதல் தேய்ப்புக்குக் கண்ணை மூடிக்கொண்டார்.

"போதும் அண்ணே. இனி தேய்ச்சா ரோடு தெரியும்."

ஒயரை மாட்டினார்கள். அப்பா விளக்கைப் போட்டார். முள் அசையவில்லை. சித்தப்பாவும் காரில் ஏறிக்கொண்டார். அம்மாவை அழைத்துக்கொண்டு நால்வருமாகத்தான் வீடு திரும்பினார்கள். வழி முழுக்க விளக்கு எரிந்தது. முள் நடுவிலேயே நின்றது.

"நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்றார் அப்பா, சாலையைப் பார்த்தபடி.

"நானும் உங்களைத்தான் சந்தேகப்பட்டேன்" என்றார் சித்தப்பா, ஜன்னல் பக்கம் பார்த்தபடி.

வீட்டுக்கு வந்ததும் மாடிப்படியடியில் இருந்த இரும்புப் பெட்டியை அப்பா தூக்கினார்.

"என்னடா இவ்வளவு கனம்? உள்ளே என்ன வெச்சிருக்கே?"

"வேணும்னா திறந்து பாருங்க."

அப்பா ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு பெட்டியைத் திறக்காமல், தோளில் வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறினார்.