மூன்றாவது சிலிண்டரில் மிஸ்ஸிங்

சத்தம் இடறியது. நிதானமாக ஓடிக்கொண்டிருந்த இஞ்சின் சற்றைக்கொருமுறை ஓரிடத்தில் தடுக்கி, ஒன்றும் நடக்காததுபோல் மறுபடி நடையைக் கட்டியது. சத்தத்தைக் கேட்டே இஞ்சினுக்கு ஜாதகம் சொல்வான் என்று ஒரகடம் ஃபேக்டரி லைனில் தமிழ்வாணனுக்குப் பெயர். அப்பேர்ப்பட்டவன் போன வாரம் வாங்கிய பழைய காரில் மிஸ்ஸிங். வேகத்தில் தெரியாது, நின்றால்தான் வரும், சிக்னலில் அணைந்தும் போகும். பேட்டரி வேறு கிழம். மனைவி குழலிக்கு எந்த நேரமும் வலி எடுக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இந்த வண்டியை நம்பித்தான் அவளை அழைத்துப் போகவேண்டும்.

"குழலி, சும்மா உக்காந்து லேசா ஆக்ஸிலேட்டரு குடும்மா. அணையாம பாத்துக்கோ."

"எலுமிச்சம்பழம் வெச்சி ஏத்தாத வண்டிங்க. நான் ஏறலாமா?"

"அதெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம்."

வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஏறி உட்கார்ந்தாள். வெள்ளத்தில் மூழ்கி எழுந்த வண்டி. அவள் அமர்ந்ததும் சீட்டிலிருந்து பழைய ஏரிச் சேற்றின் வாடை கிளம்பி வாசலெங்கும் பரவியது. வடக்குப்பட்டில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. கம்பெனி மதிலின் நிழல் பானெட்டைத் தொட்டிருந்தது. அவன் கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, ஓடுகிற இஞ்சினிலிருந்து பிளக் வயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி மாட்டினான். நல்ல சிலிண்டர் என்றால் பிடுங்கியதும் சத்தம் தொய்யும். தொய்யாவிட்டால் கோளாறு அங்கேதான்.

முதல் வயர். சத்தம் தொய்ந்தது. வத்தல் காயவில்லை என்று புலம்பிக்கொண்டிருந்த குழலியின் குரலும் தொய்ந்தது. இரண்டாவதற்கும் அப்படியே.

"மூச்சு வாங்குதுங்க."

நிறைமாதம், வாங்காமல் என்ன செய்யும் என்று நினைத்துக்கொண்டான். மூன்றாவது வயர். சத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"கெடச்சிது. ஆஃப் பண்ணு, பிளக்க மாத்திடறேன்."

"சரிங்க, அந்த வத்தல எடுத்து..."

இஞ்சின் நின்றது. பேச்சும் நின்றது. அவன் ஸ்பேனரோடு நிமிர்ந்தான். குழலியின் கை சாவியில் இருந்தது. கண்கள் திறந்திருந்தன. கூப்பிட்டான், உலுக்கினான், மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தான். மூச்சில்லை. கை அதற்குள் ஜில்லிட்டிருந்தது. வயரை மாட்டி, பானெட்டை அறைந்து மூடி, அவளைப் பக்கத்து சீட்டுக்குத் தள்ளிவிட்டு, ஆஸ்பத்திரிக்கு விரட்டிவிடலாம் என்று சாவியைத் திருகினான்.

இஞ்சின் பிடித்துக்கொண்டது. பக்கத்தில் மூச்சு இழுக்கும் சத்தம்.

"...உள்ள வெச்சிடுங்க," என்றாள் குழலி, விட்ட இடத்திலிருந்து. பிறகு சுற்றிப் பார்த்தாள். "நான் எப்போங்க இந்தப் பக்கம் வந்தேன்?"

இஞ்சின் இடறியது. அவள் கண்கள் வெறித்தன. ஓட்டம் சீரானது. அவள் இமைத்தாள். அவன் ஆக்ஸிலேட்டரை அழுத்தினான், இடறல் மறைந்தது. அதன் பிறகு அவன் காலை எடுக்கவில்லை.

சாலை நெடுக டிரெய்லர்கள் நின்றன. நியூட்ரலில் போட்டு இரைய விட்டான். ஊர்ந்தான். மறுபடி இரைய விட்டான். பெட்ரோல் முள் சிவப்புக்கும் கீழே போயிருந்தது. ஆஸ்பத்திரிக்கு இன்னும் நாலு கிலோமீட்டர். வேறு வழியில்லாமல் பங்க்கில் திருப்பினான்.

பெட்ரோல் போடும் அம்மாள் பைப்போடு நின்றாள். "வண்டிய ஆஃப் பண்ணுப்பா."

"வேணாங்க்கா. அப்டியே போடுங்க. காலப் புடிச்சி கேக்கறேன்."

"ஓடற வண்டிக்குப் போடக்கூடாது. கேமரா பாத்துகினு கீது. ஆஃப் பண்ணு."

பின்னால் ஹாரன்கள். அவன் ஜன்னல் வழியே கும்பிட்டான். இரண்டு கையையும் கூப்பித்தான் கும்பிட்டான்.

"இன்னாங்க நீங்க," என்றாள் குழலி, சாவியை நோக்கிக் கையை நீட்டியபடி. "பாவம், அந்தக்கா..."

இஞ்சின் நின்றது.

விரல்கள் சாவியில் விறைத்திருந்தன. அந்த விரல்களின் மேலேயே கையை வைத்துத் திருகினான். ஸ்டார்ட்டர் முனகியது. குழலியின் நெஞ்சு தூக்கிப் போட்டது.

"...எவ்ளோ..."

திருகினான்.

"...நேரம்..."

இன்னும் மெதுவான முனகல்.

"...நிப்..."

டிக். டிக். அவ்வளவுதான், பேட்டரி இறங்கிவிட்டது.

பாதிச் சொல்லில் அவள் வாய் திறந்தே கிடந்தது. கீழே, புடவைக்குள், வயிறு உள்ளேயிருந்து ஒருமுறை உதைத்தது. சற்றுப் பொறுத்து, இன்னொருமுறை.