கேட்டைத் தாண்டிய முருகன்

திங்கட்கிழமை, காலை பதினொன்றரை மணி.

செங்கல்பட்டை ஒட்டிய கன்டெய்னர் கிடங்கில் மரப்பெட்டியின் மூடியைக் கழற்றி வைக்கோலை விலக்கினார்கள். உள்ளே முருகன் படுத்திருந்தார். அவருடைய வலது கை, மணிக்கட்டோடு துண்டாகி, மார்பின் மேல் கிடந்தது.

இது பழங்காலச் சிலை இல்லை என்று சான்றிதழில் இருந்த போட்டோவோடு ஒப்பிட்டுப் பார்க்கத்தான் சுங்க அதிகாரி பெட்டியைத் திறக்கச் சொன்னார். போட்டோவில் கை ஒழுங்காக இருந்தது. பெட்டியைக் கொண்டுவந்த லாரி டிரைவர் ஜான்சன் எட்டிப் பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். கோவளத்துக்காரர். எத்தனையோ சிலைகளை ஏற்றிப் போனவர், ஒன்றில்கூட கீறல் விழாமல் இறக்கியவர். மாமல்லபுரத்துப் பட்டறைகளில் “ஜான்சன் வண்டியா? அப்ப கவலை இல்ல” என்பார்கள். நல்ல பேர் எடுக்க ஒரு ஆயுள் வேண்டும், கெடுக்க ஒரு நிமிடம் போதும்.

பிற்பகல் இரண்டு மணிக்கு ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள் பார்வதம். செங்கல்பட்டுக்காரி. சரக்கு உடைந்தால், எங்கே எப்படி உடைந்தது என்று பார்த்துச் சொல்வது அவள் வேலை. இன்சூரன்ஸ் கம்பெனிகள் அவளை அனுப்பிவைக்கும். வாய் கொஞ்சம் நீளம். ஆனால் கண் அதைவிட நீளம்.

புகாரின் பேரில் முன்பே வந்திருந்த சப்-இன்ஸ்பெக்டர் அவளுக்கு வேலையே வைக்கவில்லை. “டிரைவர் ஒத்துக்கினான் மேடம். திருப்போரூர் தாண்டி ஸ்பீட் பிரேக்கர்ல வண்டி தூக்கிப் போட்டுச்சாம். எழுதி கையெழுத்து வாங்கிட்டா முடிஞ்சுது.”

“இன்னும் வாங்கலியே? இருங்க சார், டீ குடிங்க” என்றாள் பார்வதம்.

ஜான்சன் தலை நிமிரவில்லை. கேஸ் வந்தால் கனரக லைசென்ஸ் போய்விடும். அதற்குப் பிறகு சிலை ஏற்ற யாரும் கூப்பிட மாட்டார்கள். ஆனால் அந்த மனுஷனை அரித்துக்கொண்டிருந்தது அதுகூட இல்லை.

“நான்தாம்மா உடைச்சிட்டேன் போல” என்றார். “மெதுவாத்தான் ஏத்துனேன். ஆனாலும் ஒரு குலுக்கு குலுக்கிச்சு. சாமி சிலைம்மா. ஒரு ஊரே காத்துகினு கீது.”

“போலன்னு இன்னாயா பேச்சு? உடைச்சியா, இல்லியா?”

“தெர்லம்மா.”

பார்வதத்துக்கு அவர்மேல் கோபமே வந்தது. செய்தோமா என்றே தெரியாத குற்றத்தை இப்படி வாரி மடியில் போட்டுக்கொள்கிற ஆளை என்ன செய்வது?

பெட்டியருகே மண்டியிட்டாள். கொண்டையில் இருந்த ஊசியை உருவி, உடைந்த மணிக்கட்டை லேசாகச் சுரண்டினாள். ஏதோ மெல்லிசாக உரிந்து வந்தது. அதைக் காகிதத்தில் மடித்துப் பையில் போட்டுக்கொண்டாள். முருகனையே சாட்சி கேட்கலாம் என்றால், சிலைக்குக் கண் திறப்பது கோயிலுக்குப் போன பிறகுதான். அதுவரை அவருக்கும் ஒன்றும் தெரியாது.

சேதி கேட்டு எல்லோரும் கிடங்குக்கு ஓடிவந்திருந்தார்கள். முதலில் பூங்கொடியை விசாரித்தாள். மாமல்லபுரத்தில் சிலைப் பட்டறை வைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறவள். அழுது முகம் வீங்கியிருந்தது.

“சிலை எங்க போகுது?”

“மலேசியாக்கா. கிள்ளான்ல ஒரு முருகன் கோயில்.”

“பேரம் எப்படி?”

“மொதல்ல எக்ஸ்-வொர்க்ஸ். பட்டறையிலயே வாங்கிக்கணும், அதுக்கு மேல லாரி, கப்பல் எல்லாம் அவங்க பாடு. அவங்களுக்கு இங்க ஆள் அம்பு இல்லன்னு வெள்ளிக்கிழமை போன் பண்ணிக் கேட்டாங்க. சரின்னு எஃப்.ஓ.பி.யா மாத்திட்டேன்.”

“அப்படின்னா கப்பல்ல ஏத்துற வரைக்கும் உன் பாடு.”

“ஆமாக்கா. இன்னிக்கு என் தலையில விடிஞ்சுது.”

“மாத்துனப்ப யார் யார் பேசினீங்க?”

“நானும் ஹரிஹரன் சாரும்தான்.”

ஹரிஹரன் கோயில் கமிட்டியின் இந்தியப் பிரதிநிதி. ஊரப்பாக்கத்தில் வீடு. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மலேசியாவிலிருந்து போன் வந்து, மனிதர் வெலவெலத்துப் போயிருந்தார்.

“பேரம் மாறினதால லாபம் உங்களுக்குத்தானே சார்?” என்று பார்வதம் எடுத்த எடுப்பிலேயே கேட்டாள். “கப்பல் ஏறுறதுக்கு முன்னாடி உடைஞ்சா உங்க கமிட்டிக்கு நஷ்டமே இல்ல.”

“என்னங்க இது! கும்பாபிஷேகத்துக்கு நாள் குறிச்சாச்சு. எனக்கு சிலைதாங்க வேணும், நஷ்ட ஈடு இல்ல.”

“காலைல சிலையப் பாத்தீங்களா?”

“பார்த்தேன். முழுசா இருந்துச்சு. வண்டியை ரோட்டுல நிறுத்தி, பட்டறை மேஸ்திரி மூடியைத் திறந்து காமிச்சார். போட்டோகூட எடுத்தார்.”

“பேரம் மாறினத வேற யாருக்குச் சொன்னீங்க?”

“ஜான்சனுக்கு. லாரி நான் பேசிவச்சது. இனிமே வாடகை பூங்கொடியம்மா தருவாங்கன்னு அன்னிக்கே போன் பண்ணிட்டேன். பட்டறை ஆளுங்களுக்கு அவங்க சொல்லியிருப்பாங்க.”

அடுத்து மேஸ்திரி செங்கல்வராயன். பட்டறையில் சிலையைத் தூக்குவது, பெட்டி கட்டுவது, வண்டியேற்றுவது எல்லாம் அவர் பொறுப்பு. பளபளவென்று மொட்டைத் தலை, அதில் காய்ந்த சந்தனம்.

“வேண்டுதலா மேஸ்திரி?”

“ஆமாம்மா. வெள்ளிக்கிழமை கிருத்திகை. திருப்போரூர்ல முடி எறக்கினேன். ரெண்டு நாள் மச்சான் வூட்ல தங்கிட்டு நேத்துதான் பட்டறைக்கு வந்தேன். வந்ததும் பெட்டி வேல.”

“வண்டி கிளம்பறப்ப சிலை எப்படி இருந்துச்சு?”

“முழுசா கீதுன்னு அந்த சாரே பாத்தாரு. நான் எவ்ளோ பத்திரமா கட்டியனுப்புனேன்! இந்தாளு இன்னா ஓட்டு ஓட்னானோ.”

அவர் ஜான்சன் பக்கம் திரும்பாமலே இதைச் சொன்னார். ஜான்சன் இன்னும் கொஞ்சம் குறுகினார். பார்க்கச் சகிக்கவில்லை.

பார்வதம் டிரைவரிடமே திரும்பி வந்து பக்கத்தில் குந்தினாள். “ஜான்சா, பட்டறையில எப்பவும் பார்ட்டிக்கு சிலைய எங்க வச்சுக் காமிப்பாங்க?”

“உள்ள வேப்பமரத்தாண்டம்மா. நெழலு இருக்கும். அப்பால ஆணி அடிச்சுத்தான் வண்டி ஏத்துவாங்க.”

“இன்னிக்கு?”

“இன்னிக்கு மேஸ்திரி வண்டிய கேட்டுக்கு வெளிய இட்டாரச் சொன்னாரு. மண்ட காயுற வெயிலு, ரோட்டுல பஸ்ஸு வந்துகினே கீது. அங்க நிறுத்தி மூடியத் தொறந்தாரு. ஏன் மேஸ்திரி இங்கன்னு கேட்டேன். சும்மா இருய்யான்னாரு.”

பார்வதம் எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டாள். முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது. எல்லோரையும் பெட்டியைச் சுற்றிக் கூப்பிட்டாள். சப்-இன்ஸ்பெக்டர் டீ கிளாஸோடு வந்தார்.

“மேஸ்திரி, உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு. இப்ப இந்தச் சிலை யார் பொறுப்பு?”

செங்கல்வராயன் யோசிக்கவே இல்லை. “வாங்கினவங்க பொறுப்பு. கேட் பேரம்தானம்மா? கேட்டத் தாண்டிச்சுன்னா அவங்க பாடு, வண்டிக்காரன் பாடு. நமக்கு இன்னா?”

பூங்கொடி விருட்டென்று திரும்பினாள். “அண்ணே, அது வெள்ளிக்கிழமையே மாறிப்போச்சே! கப்பல் ஏத்துற வரைக்கும் நம்ம பொறுப்பு. ஹரிஹரன் சார் உங்ககிட்ட சொல்லலியா?”

“நீங்க சொல்லியிருப்பீங்கன்னு நான்...” என்றார் ஹரிஹரன்.

ஆளாளுக்கு அடுத்தவர் சொல்லியிருப்பார் என்று விட்டிருக்கிறார்கள். நம் ஊரில் பாதிக் காரியம் இப்படித்தான் கெடும். செங்கல்வராயனின் மொட்டையில் வேர்வை பொட்டுப் பொட்டாகத் துளிர்த்தது.

பார்வதம் காகிதத்தைப் பிரித்து சப்-இன்ஸ்பெக்டரிடம் நீட்டினாள். “கல்லு ஒட்டுற பசை சார். மணிக்கட்டு உடைஞ்ச இடம் பூரா பூசியிருக்கு. ஓடுற வண்டியில யாரும் பசை தடவ முடியாது. அதனால, வண்டி கிளம்பும்போதே கை உடைஞ்சு, ஒட்டித்தான் இருந்துச்சு. ஸ்பீட் பிரேக்கர் ஒட்டுனதக் கழட்டியிருக்கலாம். உடைக்கல.”

“அப்ப பட்டறையில யாரு உடைச்சா?”

“அதத்தான் ரோடு சொல்லுது. உள்ள நெழலு இருக்கிறப்ப, வெயில்ல பஸ்ஸுக்கு நடுவுல நிறுத்தி ஏன் காமிக்கணும்? கப்பல் வரைக்கும் நம்ம பாடுன்னு தெரிஞ்சவங்களுக்கு அந்தக் கேட்டு வெறும் இரும்புத் தட்டி. உள்ள காமிச்சா இன்னா, வெளிய காமிச்சா இன்னா? கேட்டுலதான் பொறுப்பு கைமாறுதுன்னு நெனச்சவருக்கு மட்டும்தான் அது எல்லைக் கோடு. கோட்டத் தாண்டி நின்னு, வாங்குறவர் ஆளே முழுசா பாத்தாருன்னு ஒரு சாட்சி வேணும். பேரம் மாறினது பூங்கொடிக்குத் தெரியும், சாருக்குத் தெரியும், ஜான்சனுக்கும் தெரியும். அன்னிக்குத் திருப்போரூர்ல மொட்டை போட்டுகினு இருந்தவருக்குத்தான் தெரியாது.”

செங்கல்வராயன் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

“நேத்து சாய்ங்காலம் சிலையத் தூக்குறப்ப செயின் வழுக்கிடுச்சும்மா. கை போயி தூண்ல இடிச்சிடுச்சு. வேணும்னு பண்ணல. ஒட்டி அனுப்பிட்டா அந்தாண்ட போயி கழண்டுக்கும், கடல்ல உடைஞ்சிதுன்னு நெனச்சுக்குவாங்கன்னு...”

“ஒண்ணு தெரிஞ்சுக்க மேஸ்திரி. எக்ஸ்-வொர்க்ஸுன்னாலும் கேட்டுன்னு ஒண்ணு கிடையாது. இந்தா எடுத்துக்கோன்னு பட்டறைத் தரையில குடுக்கறப்பவே கைமாறிடும். கேட்டு நீயா வச்சுக்கினது. அப்புறம், உடைஞ்சத ஒட்டிக் குடுத்தா எந்தப் பேரமும் காப்பாத்தாது. எந்தக் கோட்டத் தாண்டினாலும் அது குடுத்தவன் தப்பு.” பார்வதத்தின் குரல் உயர்ந்தது. “அதக்கூட பயத்துல பண்ணேன்னு வச்சுக்கலாம். காலைலேர்ந்து இந்த மனுஷன் தரையில குந்திகினு கீறாரே, வாயத் தொறந்தியா நீ?”

செங்கல்வராயன் மொட்டையில் வழிந்த வேர்வையைக் கையால் துடைத்துக்கொண்டார்.

பூங்கொடி ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். திட்டப்போகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். “நல்லவேளை” என்றாள். “அங்க போயி, கும்பாபிஷேகத்தன்னிக்கு ஜனங்க முன்னாடி கை விழுந்திருந்தா? இங்கயே தெரிஞ்சுதே, அது போதும். வேற கல்லு எடுக்கறேன் சார். கமிட்டியில நாளை மட்டும் தள்ளிவைக்கச் சொல்லுங்க.”

ஹரிஹரன் நெடுமூச்சு விட்டு, அன்று முதல்முறையாகத் தானே மலேசியாவுக்குப் போன் போட்டார். சப்-இன்ஸ்பெக்டர் எழுதி வைத்திருந்த காகிதத்தை இரண்டாகக் கிழித்தார். பிறகு மேஸ்திரியின் தோளில் கைவைத்து ஓரமாக அழைத்துப் போனார்.

ஜான்சன் மட்டும் எழுந்திருக்கவில்லை. சொன்னதெல்லாம் காதில் விழுந்தது, மனசுக்குள்தான் இறங்கவில்லை.

“அப்ப... நான் உடைக்கலியாம்மா?”

“இல்லய்யா. நீ உடைக்கல.”

“அந்தக் குலுக்கு?”

“குலுக்காம போறதுக்கு அது இன்னா தொட்டிலா? எழுந்திரு.”

அவர் எழுந்தார். கால் மரத்துப்போய் ஒருமுறை தடுமாறினார். கிடங்குக்கு வெளியே வந்து, லாரியின் சக்கரத்தில் சாய்ந்துகொண்டு மனைவிக்குப் போன் போட்டார். கோவளத்தில் காலையிலிருந்தே போனைக் கையில் வைத்துக்கொண்டிருந்த ஜாய்ஸ், மணி அடித்து முடிவதற்குள் எடுத்தாள்.

“இன்னா ஆச்சு?”

ஜான்சன் மூக்கை உறிஞ்சினார். புறங்கையால் கண்ணைத் துடைத்தார்.

“ஜாய்சு... அது நான் இல்லடி.”

“அது எனக்குத் தெரியாதா? அத வுடு, நீ சாப்ட்டியா இல்லியா?”