கொடியெழுத்து

கொடியெழுத்து அச்சுகள் கிடக்கும் மரக் கேஸில் கை வைத்ததுமே பொன்னுதுரைக்கு விரல் கறுத்தது. மூன்று வாரமாக யாரும் தொடாத எழுத்து. போன தடவை அவரே மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, அறை அறையாகப் பிரித்துப் போட்டு, கேஸைப் பூட்டியிருந்தார். மை இன்னும் ஈரமாக இருக்க என்ன நியாயம்?

மலாக்கா காஜா பெராங் அச்சகத்தில் அந்த இங்கிலீஷ் எழுத்துக்குத் தனி மரியாதை. ஒவ்வொரு காலுக்கும் அடியில் சின்னப் பாதம், பாதத்திலிருந்து சுருண்டு ஏறும் கொடி, தடித்த கோட்டுக்குள் ஒரு பொடி இலை. செட்டி வீட்டுக் கல்யாணப் பத்திரிகை, பள்ளிக்கூட நற்சான்றிதழ், இப்போது மெர்டேக்கா சுதந்திர விருந்து அழைப்பு என்று நல்ல காரியத்துக்கெல்லாம் அதுதான். சாவு அட்டைக்கு மட்டும் தொடுவதில்லை; அதற்கு மொட்டை எழுத்து.

"ராஜரத்தினம், இதை எதுக்குய்யா எடுத்தே?"

மிஷின் ஓட்டும் ராஜரத்தினம் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தான். "நான் எங்கண்ணே தொட்டேன்? கோகிலா கல்யாணப் பத்திரிகைக்குன்னு நீங்கதானே பூட்டி வச்சீங்க."

மெர்டேக்கா தோரணம் கட்டப் போவதாகச் சொல்லி, முகம் கொடுக்காமல் சைக்கிளை எடுத்தான். கள்ளப்பயல், திருட்டுத்தனமாக எதையோ அடித்திருக்கிறான் என்று பொன்னுதுரைக்கு நிச்சயமாகப் பட்டது.

மத்தியான வெயில் மங்கி மழை இறங்கியது. தகரக் கூரை இரைய, மையும் ஈரச் சுவரும் கலந்த வாடை கூடத்தில் கனத்தது. மூலைக் கல்மேஜையில் பழைய செய்தித்தாள் ஒன்று எதையோ மூடிக் கிடந்தது. தூக்கினார்.

அச்சுக்குக் கோத்து வைத்த ஈய எழுத்து. சுற்றிலும் கறுப்புக் கரை. சாவு அட்டை. கொடியெழுத்தில்.

ஈயத்தைத் தலைகீழாகப் படித்தே பழகிய கண், பெயரை ஒரே வீச்சில் படித்துவிட்டது. கோகிலா. அடுத்த மாதம் தாலி ஏறப்போகிற அவருடைய ஒரே மகள். தேதி, 29 ஆகஸ்டு 1957.

இன்றைக்கு.

ராஜரத்தினத்தைக் கொன்றுபோட வேண்டும் போல இருந்தது. எழுத்தைச் சுற்றிக் கட்டிய சரட்டை அவிழ்த்தார். வரியின் இடுக்கில் சிவப்பாக ஏதோ தெரிந்தது. தேயிலைப் பொட்டலக் காகிதம், மூன்றாக மடித்தது. தளர்ந்த வரியை அப்படி மடித்துச் சொருகி இறுக்குகிற ஆள் மலாக்காவிலேயே ஒருவர்தான்.

அவரேதான்.

கேஸின் சாவி அவர் இடுப்பில் இருந்தது.

எழுத்துகளை வாரிக் கேஸில் கொட்டினார். பெயர் போச்சு. தேதி போச்சு. மூச்சு திரும்பியது.

டிக்.

கையில் பிடித்து எழுத்துக் கோக்கும் ஸ்டிக்கில் ஈயம் விழும் சத்தம். திரும்பிப் பார்த்தார். யாருமில்லை.

டிக். டிக்.

"அப்பா."

சாப்பாட்டுத் தூக்கோடு கோகிலா வாசலில் நின்றாள், பாதி நனைந்து. உள்ளே வராதே என்று சொல்லப் பார்த்தார். அதற்குள் அவள் கிட்ட வந்து அவர் கையை எட்டிப் பார்த்தாள். தலைகீழ் எழுத்து அவளுக்குப் படிக்க வராது. கொடியும் இலையும்தான் தெரிந்தன.

"என் பத்திரிகையாப்பா? ரொம்ப அழகா இருக்கு."

பொன்னுதுரை குனிந்தார். இடது கையில் ஸ்டிக். அதில் அவள் பெயர் முழுசாக நின்றது. வலது கை, அவரைக் கேட்காமலே, எண் அறையிலிருந்து ஒரு இரண்டை எடுத்து வைத்துவிட்டு, ஒன்பதை எடுக்கப் போய்க்கொண்டிருந்தது.