இடது கண்

சிங்கப்பூர் குடிநுழைவுச் சோதனையைத் தாண்டி, ஜொகூர் பாருவுக்குப் போகும் பாலத்தின் நடுவே கார் நின்றபோது, வாசுகியின் இடது கண்ணுக்குள் ஏதோ ஒன்று மெல்ல இழுத்தது. தூசு விழுந்தால் உறுத்தும். இது உறுத்தவில்லை; ஈர நூலொன்றை இமைக்கு அடியில் வைத்து யாரோ நிதானமாக உருவுவதுபோல் இருந்தது.

மழை பிடித்துக்கொண்டது. கண்ணாடிகளை ஏற்றியதும் டீசல் புகையும் நனைந்த இருக்கைத் துணியின் புளித்த வாடையும் உள்ளேயே தங்கிவிட்டன. முன்னும் பின்னும் லாரிகள். அவள் பக்கம் கதவைத் திறக்கக்கூட இடமில்லாமல் ஒரு தொழிற்சாலைப் பேருந்து உறுமிக்கொண்டு நின்றது.

"மாசாய் வீட்டுக்குப் போய்ச் சேர ராத்திரி ஆயிரும் லா," என்றான் அவள் கணவன் ராஜசேகரன்.

போன வாரம் அவள் கன்னத்தில் சின்னதாக ஒரு வீக்கம் வந்தது. மறுநாள் அது கன்னத்தில் இல்லை, நெற்றிப்பொட்டில் இருந்தது. கிளினிக்கில் அலர்ஜி என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள்.

மறுபடியும் இழுத்தது.

"கண்ண கொஞ்சம் பாருங்களேன்."

அவன் கைப்பேசி விளக்கை அடித்துக் குனிந்தான். அவன் மூச்சு அவள் முகத்தில் பட்டுக்கொண்டிருந்தது. பிறகு படவில்லை.

"என்னாங்க?"

"கைய வைக்காத."

"சொல்லுங்க."

"அசையுது, வாசு."

அவள் தலைக்கு மேலிருந்த சின்னக் கண்ணாடியை இறக்கினாள். வெள்ளை விழியின் மேல், மெல்லிய சவ்வுக்கு அடியில், சேமியாபோல் வெளுத்த ஒன்று நெளிந்தது. வெளிச்சம் பட்டதும் சுருண்டது. நீண்டது. கருவிழியின் விளிம்பைத் தடவியது.

ராஜசேகரன் படம் எடுத்து, ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை பார்க்கும் தன் தங்கை ஷாமளாவுக்கு அனுப்பினான். அவள் உடனே கூப்பிட்டாள்.

"அண்ணி, பயப்படாதீங்க. நாய்ங்களுக்கு வர்ற புழு அது. நாயக் கடிச்ச கொசு நம்மளக் கடிச்சா உள்ள வந்துரும். வெளிய தெரியறப்பவே எடுத்துறலாம். நேரா ஆஸ்பத்திரிக்கு வாங்க."

"பாலத்துல மாட்டிக்கிட்டோம், ஷாமளா. உள்ள போயிருச்சுன்னா?"



"கண்ணத் தேய்க்காதீங்க, அண்ணி."

ராஜசேகரன் ஹார்னை அழுத்தினான். விடாமல் அழுத்தினான். முன்னாலிருந்த லாரியின் சிவப்பு விளக்குகள் அணையவே இல்லை.

வாசுகி மடியில் கைகளைக் கோத்துக்கொண்டாள். கண்ணிலிருந்து நீர் வடிந்தது. துடைக்கவில்லை. இமைக்கவில்லை.

இழுப்பு நின்றது.

கண்ணாடியில் பார்த்தாள். வெள்ளை விழி சுத்தமாக இருந்தது.

"போயிருச்சு," என்றாள்.

அவன் விளக்கைத் தூக்கிப் பிடித்தான்.

அவள் மூக்குத் தண்டின் மேல் தோல் லேசாக எழும்பியிருந்தது. மெல்லிய கோடு. வளைந்த கோடு.

அது நகர்ந்தது.

வலது கண்ணை நோக்கி.