சேவல் கூவாத மணல்திட்டு

“கொட்டு, எல்லாத்தையும் கொட்டு. ஒரு வருஷமா நாம சம்பாதிச்ச சொத்தக் கண்ணால பாத்துக்கலாம்” என்றார் ஜுபைர்.

குமுதவல்லி தகர டின்னைக் கவிழ்த்தாள். வலைக்கொட்டகையில் விரித்திருந்த தார்ப்பாயின் மேல் கடகடவென்று விழுந்தது சொத்து! சோடா மூடிகள், துருப்பிடித்த ஆணிகள், உடைந்த பூட்டு, சக்கரம் போன பொம்மைக் கார், அறுந்த வெள்ளிக் கொலுசில் ஒரு துண்டு, யாரோ ஒரு ராஜாவின் முகம் தேய்ந்துபோன செப்புக் காசு. அவ்வளவுதான். இதற்காகத்தான் மூன்று பேரும் ஞாயிறு தவறாமல் கடற்கரையில் முதுகு ஒடிய நடந்தார்கள். புன்னைமேட்டு ஜனங்கள் அவர்களுக்கு ‘மண்கிளறிகள்’ என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

எல்லாம் அந்த மெட்டல் டிடெக்டர் செய்த மாயம். பரங்கிப்பேட்டைக் கடைத்தெருவில் ஃபேன் மோட்டாருக்குக் கம்பி சுற்றும் ஜுபைருக்கு, துபாயிலிருந்து திரும்பிய மச்சான் அதைக் கொடுத்துவிட்டுப் போனார். பக்கத்துக் கடையில் செல்போன் பழுதுபார்க்கும் குமுதவல்லி அதைக் கையில் வாங்கினாள். வாங்கியவள் கீழே வைக்கவே இல்லை. அவளுடைய பெரியப்பா மகன் மாசிலாமணி படகுக்காரன். எங்கே மணல் ஒதுங்கும், எங்கே அரிக்கும் என்று அவனுக்குத் தெரியும். மூவரும் கூட்டுச் சேர்ந்துவிட்டார்கள். உலோகத்தைக் கண்டால் அந்த மிஷின் கழுத்தை நீட்டிக் கூவுகிற மாதிரி ஒரு சத்தம் போடும். அதனால் அதற்குச் ‘சேவல்’ என்று பெயர்.

“குப்பைதான், ஆனா இப்பல்லாம் குப்பை குறைஞ்சிருக்கு பாருங்க பாய்” என்றாள் வல்லி பெருமையாக. அவள் சொன்னது உண்மை. ஆரம்பத்தில் சேவலுக்கு விவஸ்தையே கிடையாது. மாத்திரை அட்டை, சாக்லேட் தாள், சிகரெட் பெட்டியின் ஜிகினா என்று எதைக் கண்டாலும் கூவும். ஒவ்வொன்றும் திரையில் ஒரு எண்ணைக் காட்டும். இந்த ஜிகினாச் சாமான் எல்லாம் முப்பத்தைந்துக்குக் கீழே வருவதை வல்லி கவனித்து, அதற்குக் கீழே எது வந்தாலும் வாயைத் திறக்காதே என்று சேவலுக்குச் சொல்லி வைத்துவிட்டாள். அன்றிலிருந்து முதுகுவலி பாதியானது. அந்த வருடத்தில் தான் செய்த உருப்படியான காரியம் அதுதான் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

“சரி, அடுத்த வருஷத்துக்கு என்ன குறி? எனக்கு ஒரு தங்கக் காசு. வாழ்க்கைல ஒண்ணு போதும். நீ சொல்லு வல்லி.”

“மண்கிளறின்னு கூப்புடுற வாயெல்லாம் மூடணும். அவ்வளவுதான்.”

மாசிலாமணி வாசல் பக்கம் திரும்பினான். கொட்டகை வாசலில் அவனுடைய ஃபைபர் படகு தலைகுப்புறக் கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“எனக்கு அடுத்த வருஷமெல்லாம் வேணாம்” என்றான் கடைசியில். “நாளைக்கு அமாவாசை. நாளைக்குள்ள அம்மன் தாலி கிடைக்கணும்.”

ஜுபைர் சொத்தை ஒரு ஓரமாக ஒதுக்கினார்.

மாசி மகத்தன்று நடந்த விபரீதம் அது. புன்னைமேட்டு எல்லையம்மன் வருடாவருடம் படகேறி, வெள்ளாற்று முகத்துவாரத்தில் இருக்கிற மணல்திட்டுக்குப் போய்த் தீர்த்தமாடி வருவாள். இந்த வருடம் அம்மன் ஏறிய படகு மாசிலாமணியுடையது. திட்டில் இறக்கும் நேரம் பார்த்துக் குறுக்கே ஒரு அலை அடித்தது. படகு சாய்ந்தது, அம்மனைத் தாங்கிப் பிடித்துவிட்டார்கள், ஆனால் கழுத்திலிருந்த மஞ்சள் கயிறு அறுந்து பொட்டுத்தாலி போன இடம் தெரியவில்லை. ஊர் கூடியது. சுக்கானைப் பிடித்தவன்தான் பொறுப்பு என்றது. தாலி கிடைக்கும்வரை மாசிலாமணி கடலில் கால் வைக்கக் கூடாது, படகு எல்லாரும் பார்க்கக் கவிழ்ந்து கிடக்க வேண்டும். அமாவாசைக்குள் கிடைக்காவிட்டால் அடுத்த மாசி மகம் வரைக்கும் இதே கதிதான். ஒரு வருடம் கடலுக்குப் போகாத கடல்காரனை என்னவென்று சொல்வது? அவன் சோறு இறங்காமல் பாதியாகிப் போயிருந்தான்.

“ஊரே சல்லடை போட்டுத் தேடிருச்சே மாப்ளே” என்றார் ஜுபைர் மெல்ல.

“கையால தேடினாங்க பாய். சேவல் போகலியே. நாளைக்குக் காலைல வத்தம், தண்ணி நல்லா உள்வாங்கும். திட்டு முழுசா வெளிய தெரியும். அமாவாசைக்கு ஒருத்தனும் தொழிலுக்குப் போக மாட்டான், தொந்தரவு இல்ல. தண்ணி ஏறுறதுக்குள்ள பாத்துடணும்.”

“அண்ணே, நீ எப்படி வருவ? கடல்ல கால் வைக்கக் கூடாதுன்னு தீர்ப்பு இருக்கே” என்றாள் வல்லி.

நேராக நாட்டாரிடமே போய்க் கேட்டார்கள். ஊர்த்தலைவர் சடையப்ப நாட்டார் வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டார். “திட்டுக்கு மேற்கால இருக்கிறது ஆறு. கிழக்கால இருக்கிறது கடல். ஆத்துல போறதுக்கு ஊர் தடை சொல்லல. ஆனா கிழக்குப் பக்கம் உன் காலு நனைஞ்சிதுன்னா, தாலியே கிடைச்சாலும் தீர்ப்பு தீர்ப்புதான். பாத்துக்க.”

மறுநாள் விடிந்ததும் ஜுபைரின் சிறிய மரப்படகான வத்தையில் கிளம்பிவிட்டார்கள்! சதுப்புக் காட்டைத் தாண்டி, கொக்குகளைக் கிளப்பிவிட்டு, ஆற்றின் இழுப்போடு வத்தை விரைந்தது. மாசிலாமணி கழி போட்டான். நாட்கணக்கில் பிடிக்காத கழி. அவன் தோளில் பழைய தெம்பு தெரிந்தது. சற்று நேரத்தில் எதிரே மணல்திட்டு திமிங்கலத்தின் முதுகைப் போல எழுந்து நின்றது. 

திட்டின் மேற்குப் பக்கம் நங்கூரம் போட்டார்கள். அம்மனை இறக்கித் தீர்த்தமாட்டிய இடமும் அந்தப் பக்கம்தான்; அதைச் சுற்றி மாசிலாமணி கழியால் கட்டம் போட்டான். வல்லி சேவலை முடுக்கி, மண்ணைத் தொட்டும் தொடாமலும் வீசிக்கொண்டு நடந்தாள்.

கூவியது! ஜுபைர் அடியில் ஓட்டை போட்ட வாளியால் ஈரமணலை அள்ளி அலசினார். ஐந்து ரூபாய் நாணயம். மீண்டும் கூவியது. இன்னொரு நாணயம். அம்மன் தீர்த்தமாடும்போது ஜனங்கள் வேண்டிக்கொண்டு வீசிய காசுகள் அவை. “இது அம்மன் உண்டியலுக்கு. தனியாப் போடுங்க பாய்” என்றாள். காசு, காசு, ஒரு வெண்கல மணி, மறுபடியும் காசு! போன வாரம் வரை இப்படி ஒரு வேட்டை கிடைத்திருந்தால் மூவரும் குதித்திருப்பார்கள். இன்று ஒவ்வொரு கூவலுக்கும் மாசிலாமணியின் முகம் மலர்ந்து, ஒவ்வொரு காசுக்கும் வாடியது.

கட்டம் முடிந்துவிட்டது. தாலி இல்லை.

“அலை இழுத்துட்டுப் போயிருக்கும்” என்றான் மாசிலாமணி. வெயில் ஏறிவிட்டது. தண்ணீர் வாங்குவது நின்று, திட்டின் ஓரத்தில் நுரை மெல்ல மேலே ஏறத் தொடங்கியிருந்தது. வல்லி விடவில்லை. இன்னொரு முறை என்று தொடங்கினாள். சேவல் இழுத்துக்கொண்டே கூவ, மாசிலாமணி குனிந்து வெறுங்கையாலேயே தோண்டினான். அவசரத்தில் வல்லி மிஷினை நகர்த்த, அதன் நுனியிலிருந்த வட்டத் தட்டு அவன் காதோரம் போய் நின்றது.

அவள் அப்படியே நின்றுவிட்டாள்.

“அண்ணே, அசையாத.”

“என்ன, நண்டா?”

“உன் காதுல இருக்கிறது தங்கக் கடுக்கன்தானே?”

“ஆமா. அதுக்கு என்ன இப்ப?”

தட்டை அவன் காதுக்குப் பக்கத்தில் இப்படியும் அப்படியும் ஆட்டினாள். சேவல் வாயே திறக்கவில்லை. திரையில் மட்டும் முப்பத்திரண்டு என்று ஒரு எண் வந்து வந்து போனது. வல்லிக்குத் தலையில் இடி விழுந்த மாதிரி இருந்தது. மெல்லிய தங்கமும் மாத்திரை அட்டையும் சேவலுக்கு ஒரே ஜாதி! குப்பையைச் சொல்லாதே என்று அவள் சொல்லி வைத்தாளே, சேவல் சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருக்கிறது. குப்பையோடு தங்கத்தையும் சேர்த்து விழுங்கிவிட்டு, வருடம் முழுக்க அவர்களைத் தங்கத்தின் மேலேயே நடத்திக் கூட்டிப் போயிருக்கிறது.

“என் புத்தியச் செருப்பால அடிக்கணும்” என்று முணுமுணுத்தபடி பொத்தான்களை அழுத்தினாள். “பாய், பூட்டு எல்லாத்தையும் திறந்துட்டேன். இனிமே குப்பைக்கெல்லாம் கத்தும். எதையும் விடாம தோண்டணும்.”

கத்தியது பாருங்கள்! ஊரே திருவிழாவுக்கு வந்து விட்டுப்போன அத்தனையும் மணலுக்கு அடியில் இருந்தது. கற்பூர உறை, பிஸ்கட் தாள், சிகரெட் பெட்டி ஜிகினா, மாத்திரை அட்டை. ஜுபைர் அள்ளினார், மாசிலாமணி அலசினான், வல்லி அடுத்த இடத்துக்குத் தாவினாள்.  தண்ணீர் கணுக்காலைத் தொட்டது. ஈர உப்புமண்ணில் சேவல் சும்மாவும் உளறியது. உளறல் எது, கூவல் எது என்று வல்லி காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள்.

அப்போதுதான் ஜுபைர் திரும்பிப் பார்த்தார். “வத்தை எங்க?”

ஏறிய தண்ணீர் நங்கூரத்தைப் பிடுங்கிவிட்டிருந்தது! ஆளில்லாத வத்தை ஆற்றின் இழுப்பில் திட்டின் முனையைச் சுற்றிக்கொண்டு கிழக்குப் பக்கம், திறந்த கடலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. மாசிலாமணி பாய்ந்து ஓடினான். கடல் விளிம்புக்கு ஒரு எட்டு முன்னால் வந்து, யாரோ சட்டையைப் பிடித்து இழுத்தது போல நின்றான்.  ஊரில் அவனைவிட நல்ல நீச்சல்காரன் இல்லை. அவனால் ஒரு அடி எடுத்து வைக்க முடியவில்லை.

“நில்லுண்ணே, நீ எறங்காத! நான் போறேன்.” வல்லி சேவலை ஜுபைரின் கையில் திணித்துவிட்டுத் தண்ணீரில் பாய்ந்தாள். அவளும் அந்த ஊரில் பிறந்தவள்தானே! ஒரு அலை முகத்தில் அறைந்தது, இன்னொன்று பின்னுக்குத் தள்ளியது. மூச்சை அடக்கி அடியில் புகுந்து எழுந்தாள். நங்கூரக் கயிறு தண்ணீரில் பாம்பாக நெளிந்தது. எட்டிப் பிடித்து, வத்தையில் ஏறிக் கழியை ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு மேற்குப் பக்கம் திருப்பிக் கொண்டுவந்தாள்.

திட்டே தெரியவில்லை. ஆற்றுப் பக்கத்தில் தொடையளவுத் தண்ணீரில் மாசிலாமணி நின்றிருந்தான். நடுவில் ஜுபைர் மிஷினின் பெட்டியைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் காலை ஊன்றி ஆடாமல் அசையாமல் நின்றார்.

“பாய், ஏறுங்க சீக்கிரம்!”

“ஏற மாட்டேன். முப்பத்திமூணு காட்டுச்சு. மூணு தடவையும் முப்பத்திமூணு. அந்த இடத்துலதான் குதிகால வச்சிருக்கேன். கால எடுத்தா எடம் போயிடும்.”

“மாத்திரை அட்டையும் அதே நம்பர்தான் பாய்.”

“இருக்கட்டுமே. எதையும் விடக் கூடாதுன்னு நீதானே சொன்ன?”

வல்லி கயிற்றை அண்ணன் கையில் கொடுத்துவிட்டு மூழ்கினாள். கலங்கிய தண்ணீரில் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஜுபைரின் குதிகாலைத் தடவிப் பிடித்து, அதற்கடியில் விரலைக் குடைந்து, இரு கையாலும் மணலை அள்ளி மேலே வந்தாள். மணல் வழிந்தது. கையில் மிஞ்சியது கசங்கிய ஒரு சாக்லேட் தாள். மாசிலாமணி முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் மறுபடி மூழ்கினாள். இந்த முறை முழங்கைவரை புதைத்தாள். நூல் ஒன்று விரலில் சிக்கியது. இழுத்தாள்.

மஞ்சள் கயிறு. அதன் நுனியில் வெயில் பட்டுப் பளீரென்று மின்னியது அம்மனின் பொட்டுத்தாலி!

மாசிலாமணி அதை வாங்கவில்லை. அவள் கையோடு சேர்த்து இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, இருபத்தேழு வயது ஆண்பிள்ளை, ஓவென்று அழுதான். ஜுபைர் அப்போதும் காலை எடுக்கவில்லை. “கெடச்சிருச்சுல்ல? நல்லாப் பாருங்க, நான் எடுத்துரட்டுமா?” என்று கேட்டார். அழுதவன் சிரித்துவிட்டான்.

அவர்கள் கரை சேர்ந்தபோது ஊரே திரண்டு நின்றது. நாட்டார் தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பூசாரியிடம் கொடுத்தார். பிறகு மாசிலாமணியின் கால்களைக் குனிந்து பார்த்தார். “கிழக்குப் பக்கம்?” என்றார். “அண்ணன் எறங்கல. நான்தான் எறங்கினேன். எனக்குத் தடை இல்லியே” என்றாள் வல்லி. கூட்டம் சிரித்தது. நாட்டார் தலையசைத்தார். அத்தனை ஆண்களும் ஓடிப்போய்ப் படகை நிமிர்த்தித் தோளில் தூக்கிக் கடலில் இறக்கினார்கள். அன்று தொழிலுக்குப் போகிற நாள் இல்லைதான். ஆனால் மாசிலாமணி அதில் ஏறி ஒரு சுற்றுச் சுற்றி வந்தபோது யாரும் தடுக்கவில்லை.

மறுநாள் காலை வல்லி கொட்டகைக்கு வந்தால், வாசலில் வரிசை! மீன் ஏலத்தில் தோடு தொலைத்தவள் ஒருத்தி, வரப்பில் மெட்டி விட்டவள் ஒருத்தி, கப்பல் வேலைக்குப் போன மகன் வாங்கித் தந்த மோதிரத்தை மணலில் தவறவிட்டு இன்னும் அவனிடம் சொல்லாத ஒரு அப்பா. எல்லாரும் ‘வல்லி’ என்றுதான் கூப்பிட்டார்கள். ஜுபைர் தலையைச் சொறிந்தார். “என் தங்கக் காசு இந்த வருஷமும் அம்போதான் போல.” சொன்னாரே தவிர, அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை வல்லி பார்த்ததே இல்லை. ராஜா புதைத்த காசுக்கு இப்போது யாரும் அழுவதில்லை. இவர்கள் தொலைத்ததற்கு இன்றும் அழுகிறார்கள். புது வருடத்துக்குக் குறி வைக்க இதைவிட நல்ல இடம் எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது.

வரிசை கலைந்த பிறகு, வேப்பமரத்தடியில் இவ்வளவு நேரமும் சும்மா நிற்பவர் போல நின்றிருந்த சடையப்ப நாட்டார் உள்ளே வந்தார். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார்.

“எறால் குட்டையில... மதகு தூக்கும்போது கழண்டு விழுந்துடுச்சு. என் கல்யாண மோதிரம். அது ஆச்சு ஏழெட்டு வருஷம். வீட்டுக்காரிகிட்ட அடகு வச்சிருக்கேன்னு பொய் சொல்லிட்டேன்.” அவர் மாசிலாமணியைப் பார்க்காமல் தரையைப் பார்த்துப் பேசினார். “ஊருக்குத் தெரிய வேணாம்ப்பா.”

ஜுபைர் வல்லியைப் பார்த்தார். வல்லி அண்ணனைப் பார்த்தாள். எவ்வளவோ சொல்லலாம், அன்று ஊர்க்கூட்டத்தில் இந்த வாய்தான் தீர்ப்புச் சொன்னது.

மாசிலாமணி வாளியை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

“எந்தக் குட்டை நாட்டாரே? வாங்க, காட்டுங்க” என்றான்.